உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு: வன்னிப் பிள்ளைகள் சுகாதாரம், சமூகசேவை, கலைத்துறைப் பட்டங்களைத் தெரிவுசெய்வது எப்படி

பெறுபேறு வந்த அன்று வீட்டில் எழும் முதல் கேள்வி, "மெடிசின் கிடைக்குமோ?" கிடைக்காது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, "அப்ப என்னதான் கிடைக்கும்?" இந்த இரண்டுக்கும் நடுவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று தவறிப்போகிறது. பிள்ளை விடிந்தால் எழும்பி எந்த வேலைக்குப் போகப்போகிறது? முப்பது வருடம் அந்த வேலையைச் செய்ய அதற்கு மனமும் உடம்பும் ஒத்துவருமா?

தாதியியல், சமூகப்பணி, உளவியல், நாடகம், சங்கீதம் எல்லாமே மனிதரோடு மனிதராக நின்று செய்யும் தொழில்கள். பட்டத்தின் பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காக இவற்றுக்குள் போனவர்கள் இரண்டாம் வருடத்திலேயே களைத்துவிடுகிறார்கள். வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவர்கள் நின்று பிடிக்கிறார்கள். அதனால் முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு புள்ளியைப் பாருங்கள், கடைசியாகப் படிவத்தில் கை வையுங்கள். வன்னியில் பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

வேலையைப் பார்ப்பது எப்படி

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் நேரம் இருக்கும். அதில் நான்கைந்து நாளை இதற்கு ஒதுக்குங்கள். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையிலோ, மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையிலோ, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகளிலோ வெளிநோயாளர் பிரிவு வாங்கில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தாலே பலது விளங்கும். வைத்தியரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நிற்பவர், இரத்தம் எடுப்பவர், கட்டு மாற்றுபவர், எக்ஸ்ரே அறைக்குள் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பவர். எத்தனை மணித்தியாலம் நிற்கிறார்கள், ஒரே கேள்விக்கு எத்தனை தரம் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இரத்தத்தையும் சீழையும் கண்டு தலை சுற்றுவது பெரும்பாலானோருக்குப் பழகப் பழகப் போய்விடும். நோயாளி கத்தும்போது வரும் எரிச்சல் அவ்வளவு இலேசாகப் போகாது. உங்களுக்கு அது இருக்கிறதா என்று இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

சமூகசேவை என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் சமூகசேவைக் கிளை எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். அங்குள்ள உத்தியோகத்தரிடம் மூன்று விடயம் கேளுங்கள்: நேற்று என்ன செய்தீர்கள், எதை எழுத அதிக நேரம் போகிறது, எந்தப் பட்டத்தோடு இந்த வேலைக்கு வந்தீர்கள். மூன்றாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

இசட் புள்ளியை வாசிக்கும் முறை

இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் நீங்கள் சராசரி மாணவரிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்பதன் அளவு. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து நிற்கின்றன என்பதன் அளவால்) வகுப்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: நீங்கள் எடுத்தது 62, சராசரி 44, நியம விலகல் 15 என்றால், 18ஐ 15ஆல் வகுக்க 1.2 வரும். மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்து, கூட்டி, மூன்றால் வகுத்தது உங்கள் இசட் புள்ளி.

இதற்கு மேல் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக இருக்கவேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். அந்தப் பரீட்சையை விளையாட்டாக எழுதி, நல்ல இசட் புள்ளியோடு வெளியே நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெட்டுப்புள்ளி என்பது ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி. அந்த அட்டவணையில் உங்கள் மாவட்ட நிரலை மட்டும் பாருங்கள். மாவட்ட அடிப்படையில் தெரிவு நடக்கும் கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. பக்கத்து வீட்டு அண்ணா கொழும்பு நிரலைப் பார்த்துவிட்டு "உனக்குக் கிடைக்காது" என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பி விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம்.

இங்கே வன்னிப் பிள்ளைகள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. உயர்தரத்துக்கு ரியூசன் நல்லது என்று யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு மாறுகிறார்கள். எந்த மாவட்டத்தின் கோட்டா உங்களுக்கு என்பதைத் தீர்மானிக்க, பரீட்சைக்கு முந்திய 3 வருடங்களில் நீங்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்க்கிறார்கள். ஒட்டுசுட்டானில் வீடும் யாழ்ப்பாணத்தில் பாடசாலையும் என்றால், முல்லைத்தீவு வெட்டுப்புள்ளி உங்களுடையது என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் பகுதியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.

திரும்ப எழுதுவதா? உயர்தரத்துக்கு மூன்று தடவை உண்டு. முடிவெடுக்கமுன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சராசரி இசட் புள்ளி 0.3 உயரவேண்டும் என்றால் மூன்று பாடத்திலும் சேர்த்து 0.9 உயரவேண்டும். நியம விலகல் 15 என்று வைத்தால் அது மொத்தமாக ஏறத்தாழ 14 புள்ளி. ஒரு பாடம் மட்டும் சறுக்கியிருந்தால் அந்த 14 எட்டக்கூடியது. மூன்றும் ஒரே மட்டத்தில் நின்றால், இன்னொரு வருட ரியூசனுக்கு வயலை ஈடுவைக்கமுன் இரண்டு தரம் யோசியுங்கள். இன்னொன்று: ஒரு வருடப் பெறுபேற்றில் பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் பதிந்துவிட்டால் அடுத்த வருடப் பெறுபேற்றோடு திரும்ப வந்து நிற்க முடியாது. "இப்ப பதிவம், பிறகு பாப்பம்" என்பது இங்கே செல்லாது.

சுகாதாரத் துறை

யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. மருத்துவப் பட்டம் 5 வருடம், அதன்பின் 1 வருட உள்ளகப் பயிற்சி. அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நீட்டத் தேவையில்லை. தெரியாமல் கிடப்பது அதைச் சுற்றியுள்ள பட்டங்கள்.

யாழ்ப்பாணத்தில் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று மூன்று நான்குவருடப் பட்டங்கள் உண்டு. மூன்றும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு, மூன்றும் ஆங்கில மொழிமூலம். ஒன்றை மற்றதற்குப் பதிலாக எடுக்கலாம் என்று நினைப்பது பிழை, மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்கு உரியவை. தாதியியலில் நாள் முழுக்க நோயாளியின் கட்டிலருகே நிற்கவேண்டும், இரவுக் கடமை உண்டு, நாரி வலிக்கும், ஆனால் ஒரு மனிதர் தேறி எழும்புவதை முதலில் காண்பவர் நீங்கள்தான். மருந்தகவியலில் இரசாயனவியல் விருப்பமாக இருக்கவேண்டும். ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால் ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும், அந்தக் கவனம் நாள் முழுதும் கலையக்கூடாது. ஆய்வுகூடத்தில் பேச்சுக் குறைவு, நுணுக்குக்காட்டியும் இயந்திரங்களும்தான் துணை. நிறம் பிரித்தறிவதில் குறை உள்ளவர்களுக்குச் சாயமிட்ட கண்ணாடித் தட்டை வாசிப்பது கடினம். ஆய்வுகூடத்தை முதல் விருப்பமாக எழுதமுன் கண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

இயன்மருத்துவம் (பிசியோதெரபி) கொழும்பிலும் பேராதனையிலும் உண்டு. கதிர்ப்படப்பிடிப்பு (எக்ஸ்ரே போன்றவை எடுப்பது) பேராதனையில். தொழில்வழிச் சிகிச்சையும் பேச்சு, கேட்டல் விஞ்ஞானமும் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவபீடத்தில். தூரம் என்பதாலும் சிங்களச் சூழல் என்பதாலும் இவற்றை எங்கள் பிள்ளைகள் படிவத்தில் எழுதுவதே குறைவு. வருத்தமான விடயம் இது. போரில் கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் இன்னும் எங்கள் ஊர்களில் சக்கர நாற்காலியை மணல் ஒழுங்கையில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மாத்திரையைவிட இயன்மருத்துவரின் கையும், வீட்டுப் படியை எப்படி மாற்றுவது என்று சொல்லும் தொழில்வழிச் சிகிச்சையாளரும்.

பேச்சுச் சிகிச்சையைச் சற்றுக் கிட்டப் பார்ப்போம். நான்கு வயதுப் பிள்ளை "பழம்" என்பதைப் "பளம்" என்கிறது. அது நோயா? எங்கள் பேச்சில் பெரியவர்களே பலர் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையே "தண்ணி" என்பதைத் "தத்தி" என்றும், "கால்" என்பதைத் "தால்" என்றும் சொன்னால் அது கவனிக்கவேண்டியது. இந்த வித்தியாசம் தமிழைத் தாய்மொழியாகப் பேசுபவரின் காதுக்குத்தான் உடனே பிடிபடும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துச் செய்யக்கூடிய வேலை அல்ல. களனியில் படித்துவிட்டு வன்னிக்குத் திரும்பும் ஒரு தமிழ்ப் பிள்ளை செய்யும் வேலையை வேறொருவர் வந்து செய்ய முடியாது.

சித்த மருத்துவம் யாழ். பல்கலைக்கழகத்தின் கீழ் கைதடியிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் உண்டு. "மெடிசின் கிடைக்காததால் சித்தம்" என்று போகிறவர்கள் பாதியில் மனம் முறிகிறார்கள். மூலிகையும் பழந்தமிழ்ச் செய்யுளும் பிடிக்கும் பிள்ளைக்கு அது முதல் விருப்பமாகவே இருக்கலாம்.

இனி, பட்டம் இல்லாமலே தாதியாகும் பாதை. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகள் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உண்டு. 3 வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு, விண்ணப்பம் அரச வர்த்தமானியில் வரும். தகப்பன் இல்லாத வீடு, கீழே இரண்டு தம்பி தங்கை படிக்கிறார்கள் என்றால், நான்கு வருடப் பட்டத்தைவிட இது நல்ல தெரிவாக இருக்கக்கூடும். வேலையில் இருந்துகொண்டே பின்னர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் செய்யலாம். பட்டம் இல்லை என்று யாராவது குறைத்துப் பேசினால் காதில் வாங்காதீர்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். தொலைபேசியில் மாதம் ஒரு தரமாவது பார்த்துவையுங்கள், இந்த அறிவித்தல் யார் வீட்டுக்கும் கடிதமாக வராது.

வெளிநாட்டில் காசு கட்டி மருத்துவம் படிக்க அனுப்புவோருக்கு ஒரு எச்சரிக்கை. இலங்கை மருத்துவ சபை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறதா, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் மட்டத்தில் இருக்கிறதா என்று முற்பணம் கட்டுவதற்கு முன் உறுதிப்படுத்துங்கள். திரும்பி வந்ததும் சபையின் பரீட்சை ஒன்றும் காத்திருக்கும். முகவர் இதைக் கடைசியில்தான் சொல்வார்.

சமூகசேவை

"சமூகசேவைக்கு எந்தப் பட்டம்?" என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. சமூகப்பணி என்பதையே பட்டமாகத் தருவது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். சமூகப்பணி இளமாணி 4 வருடம், களப்பயிற்சியோடு. இதற்கான விண்ணப்பம் மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் சேராது, நிறுவகம் தனியாகக் கோரும். எந்த மொழிமூலம் என்பதை அந்த வருட அறிவித்தலில் பார்த்தே முடிவெடுங்கள். மற்றப் பாதை, கலைப்பீடத்துக்குள் போய்ச் சமூகவியல் அல்லது உளவியல் படிப்பது.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சமூகவியல் ஒரு சமூகம் ஏன் இப்படி இயங்குகிறது என்று ஆராயப் பழக்கும். சமூகப்பணி, இன்று காலை கதவைத் தட்டிய ஒருவருக்கு இன்று மாலைக்குள் என்ன செய்யலாம் என்று பழக்கும். முதலாவதைப் படித்தவர் இரண்டாவதைச் செய்யலாம். ஆனால் களப்பழக்கத்தைத் தானாகத் தேடிக்கொள்ளவேண்டும்.

பதவிகளின் பெயரைத் தெரிந்துவைத்திருங்கள்: சமூகசேவை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர். சிலது மாகாணத்தின் கீழ், சிலது மத்திய அமைச்சின் கீழ். எல்லாவற்றுக்கும் போட்டிப் பரீட்சையோ நேர்முகமோ உண்டு, பட்டம் முடித்தவுடன் கதிரை காத்திருக்காது. அரச சார்பற்ற நிறுவன வேலைகள் திட்டக் காலத்தோடு முடிபவை. சம்பளம் நல்லாயிருந்தாலும் 18 மாதத்தில் மறுபடி வேலை தேடும் நிலை வரலாம் என்று எண்ணிக்கொண்டு சேருங்கள்.

வேலை எப்படி இருக்கும்? ஒரு கோப்பைத் திறந்தால்: பேத்தியை வளர்க்கும் அம்மம்மா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பாடசாலை கேட்கிறது. தாய் வெளிநாட்டில். தகப்பனின் மரணச் சான்றிதழும் இல்லை. அம்மம்மாவுக்கு எழுத வராது. இங்கே நீங்கள் செய்யப்போவது முதலில் அரை மணித்தியாலம் குறுக்கிடாமல் கேட்பது. பிறகு எந்தச் சான்றிதழை முதலில் எடுத்தால் மற்றது வரும் என்று ஒழுங்குபடுத்துவது, ஒரு பக்கத்தில் பிழையில்லாமல் அறிக்கை எழுதுவது, ஒரு கிழமைக்குப் பின் மோட்டார் சைக்கிளில் போய் நடந்ததா என்று பார்ப்பது. இரக்கம் மட்டும் போதாது, எழுத்து வேண்டும். கட்டுரை எழுதச் சோம்பல்படுபவருக்கு இந்தத் தொழில் சுமையாகிவிடும்.

இன்னொரு சோதனை இரகசியம் காப்பது. வன்னிக் கிராமங்களில் உங்களிடம் வருபவர் பெரும்பாலும் உங்கள் சொந்தக்காரரோ, கோயிலில் தினம் காண்பவரோ. அவர் சொன்னதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று உங்களை நீங்களே கேளுங்கள்.

உளவியல் பற்றித் தனியாக ஒரு சொல். கலைப்பீடத்தில் உளவியல் ஒரு பாடமாக எடுத்தால் உளவியலாளர் ஆகிவிட முடியாது. முதல் வருடத்தில் மூன்று பாடம் எடுத்து, அவற்றுள் உளவியலில் நல்ல சித்தி பெற்றவர்களைத்தான் 4 வருடச் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள், இடமும் மட்டுப்பட்டது. சிகிச்சை செய்யும் உளவியலாளராவதற்கு அதற்கு மேலும் மேற்படிப்பும், மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் வேண்டும். மொத்தம் எட்டு வருடம் என்று மனதில் வையுங்கள். ஆறு மாத டிப்ளோமா தந்து "உளவளத்துணையாளர்" என்று போட்டுக்கொள்ளச் சொல்லும் தனியார் இடங்கள் உண்டு. மனம் உடைந்த ஒருவரை அந்த ஆறு மாதப் படிப்போடு தொடுவது ஆபத்து. தனியார் பட்டம் எதுவானாலும் மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட பட்டமும் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் பணம்.

கலைத்துறை

இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கலைப்பீடம்: யாழ்ப்பாணம், வந்தாறுமூலையில் கிழக்கு, ஒலுவிலில் தென்கிழக்கு, பேராதனை, கொழும்பு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமானது. அது இருக்கும் பம்பைமடு பக்கம்தானே என்று கலைப்பீடத்தை அங்கே தேடவேண்டாம், அங்கு பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பம் ஆகிய பீடங்களே இருக்கின்றன. அதேபோல கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பது யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள்.

மற்ற வாசல் அழகியல்: மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரிலான பீடம் கர்நாடக சங்கீதம், பரதம், சித்திரமும் வடிவமைப்பும் சொல்லிக்கொடுக்கிறது. மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம், நடனத்தோடு நாடகமும் அரங்கியலும் உண்டு. இந்த வாசலுக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் (திறமையைச் செய்துகாட்டும் பரீட்சை) வேண்டும். நல்ல குரல் உள்ள பிள்ளைகள் இடத்தை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். மானியங்கள் ஆணைக்குழுவின் படிவம் போட்டாயிற்று, எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறார்கள். உளச்சார்புப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும், முடிவு திகதியும் வேறு. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இரண்டு விண்ணப்பம், இரண்டு பரீட்சை.

பரீட்சைக்குப் போகுமுன், சுருதிப்பெட்டி இல்லாமல் பாடிப் பழகியவர்கள் ஒரு மாதமாவது சுருதியோடு பாடுங்கள். சொந்தச் சுருதி எது என்று தெரியாமல் போய், பதற்றத்தில் ஒரு கட்டை கூட எடுத்து, மேல் ஸ்தாயியில் குரல் உடைவது வழக்கமான தவறு. கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடுங்கள். சித்திரத்துக்குப் போவோர் போட்டோவைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள குடம், கடகம், மண்வெட்டி இவற்றை வெயிலில் வைத்து நிழலோடு வரையுங்கள்.

நாடகத்தில் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு கைமுதல் இருக்கிறது. முள்ளியவளையின் கோவலன் கூத்தும், மன்னாரின் வடபாங்கு, தென்பாங்கு, வாசாப்புக் கூத்துகளும் ஊரில் இன்னும் உயிரோடு இருப்பவை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரின் பாட்டையும் ஆட்டத் தருக்களையும் தொலைபேசியில் பதிந்து, சொல்லை எழுத்தில் இறக்கி வைத்திருக்கும் பிள்ளை, முதல் வருடத்திலேயே ஆய்வுக்கு ஒரு தலைப்போடு போகிறது.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். கலைப்பட்டதாரிகள் நியமனம் கேட்டுத் தெருவில் இருந்த காட்சியை வடக்கில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பட்டம் மட்டும் கையில் இருந்து, வேறு எந்தக் கைத்திறனும் இல்லாதபோது அந்தக் காத்திருப்பு நீள்கிறது. கலைப்பீடத்துக்குப் போகிறவர் இரண்டாம் வருடம் முடியமுன் ஒன்றையாவது கையில் எடுக்கவேண்டும்: எழுதவும் வரும் ஆங்கிலம், அல்லது எழுதவும் வரும் சிங்களம், அல்லது கணினியில் கணக்குத் தாள் (எக்செல்), பக்க வடிவமைப்பு, ஒலி, ஒளிப்பதிவு. மூன்று மொழியும் கைவந்தால் மொழிபெயர்ப்பு வேலை உண்டு. ஆசிரியராவதுதான் எண்ணம் என்றால் வவுனியா, கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரிகளையும் பட்டத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டைவிட்டுப் போகமுடியாதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகமும் யாழ். பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டமும் உண்டு. தமிழகத்தில் படிக்க விரும்புவோர், இந்திய அரசின் புலமைப்பரிசில் அறிவித்தலை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தின் பக்கத்தில் கவனியுங்கள்.

படிவம்

ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீட்டு எண் உண்டு. விண்ணப்பத்தில் இந்தக் குறியீடுகளை விருப்ப ஒழுங்கில் அடுக்கவேண்டும். இதில் நடக்கும் பெரிய பிழை, கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடுவது.

கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் விருப்பத்துக்கு உங்கள் புள்ளி போதுமா? போதாவிட்டால் இரண்டாவது. அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. எட்டாத ஒன்றை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் எட்டக்கூடியதை மேலே எழுதிவிட்டால் அங்கேயே நின்றுவிடும், அதற்குக் கீழே உங்கள் உண்மையான ஆசை இருந்தாலும் கணினி அதைப் பார்க்காது. ஒரு பிள்ளைக்கு உண்மையில் இயன்மருத்துவம்தான் ஆசை, ஆனால் பயத்தில் யாழ்ப்பாணத் தாதியியலை முதலாவதாகவும் பேராதனை இயன்மருத்துவத்தை இரண்டாவதாகவும் போடுகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் புள்ளி இருந்தாலும் கிடைப்பது தாதியியல்தான்.

அதனால் முதலில் ஒரு கொப்பித் தாளில், வெட்டுப்புள்ளியைப் பார்க்காமல், ஆசைப்படும் ஒழுங்கில் எழுதுங்கள். பிறகு கைந்நூலைத் திறந்து உங்கள் பாடச் சேர்க்கை எதற்கெல்லாம் பொருந்தும் என்று பார்த்துப் பொருந்தாததை வெட்டுங்கள். எந்த நிலையிலும் போகமாட்டேன் என்பதையும் வெட்டுங்கள். வெட்டுப்புள்ளி அட்டவணையைக் கடைசியில், பட்டியல் போதிய அளவு கீழே இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் பாவியுங்கள். கடந்த வருடப் புள்ளி இந்த வருடம் அப்படியே நிற்காது, ஏறவும் கூடும் இறங்கவும் கூடும். நான்கு குறியீட்டோடு நிறுத்தியவர்கள் வெறுங்கையோடு நிற்பதுண்டு.

கொம்பியூட்டர் கடையில் கொடுத்து நிரப்புவதானால் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குறியீட்டையும் வாய்விட்டு வாசித்துச் சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறினால் பல்கலைக்கழகமே மாறிவிடும். கடையின் ஈமெயில் முகவரியைக் கொடுக்கவிடாதீர்கள், உங்கள் பெயரில் ஒன்று திறந்து கடவுச்சொல்லை வீட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

பத்திரங்கள்

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பத்திரம்தான் கடைசி நேரத்தில் காலை வாரும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகப் பதிவாளர் கிளையில் பிரதி எடுக்கலாம், மூன்று பிரதி எடுத்துவையுங்கள். பிறகு மேசையில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரணதரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு நான்கையும் பக்கம் பக்கமாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் "சிவலிங்கம்", மற்றதில் "சிவலிங்கன்". ஒன்றில் முதலெழுத்து இரண்டு, மற்றதில் ஒன்று. இது இப்போது சின்ன விடயம், பதிவு நாளில் பெரிய விடயம். திருத்தம் வேண்டுமென்றால் விண்ணப்ப அழைப்பு வரமுன் தொடங்குங்கள். எது எதிலிருந்து திருத்தப்படவேண்டும் என்பதைப் பதிவாளர் கிளையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மகாபொல, பர்சரி என்னும் மாணவர் உதவித்தொகைகள் இரண்டுக்கும் வருமானச் சான்றிதழ் வேண்டும். கிராம அலுவலர் ஒப்பமிட்டதைப் பிரதேச செயலாளர் மேலொப்பம் இடவேண்டும். துணுக்காயிலோ மாந்தை கிழக்கிலோ இருந்து ஒரு ஒப்பத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறாமல், கிராம அலுவலர் அலுவலக நாளையும் செயலாளர் பொதுமக்களைச் சந்திக்கும் நாளையும் முதலே கேட்டுக்கொண்டு போங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள், பின்னர் பிடிபட்டால் கொடுப்பனவே நின்றுவிடும்.

தெரிவான பின்

தெரிவுக் கடிதம் வந்தால், கிடைத்தது மூன்றாவது விருப்பம் என்றாலும், இந்த வருடமே போவது என்று முடிவானால் குறித்த நாளுக்குள் பதியுங்கள். பதிந்தவர்களின் மேல் விருப்பங்களை வெற்றிடம் நிரப்பும்போது கணக்கில் எடுப்பார்கள். பதியாமல் "மேல இருக்கிறது வரட்டும்" என்று காத்திருந்தவர் இரண்டையும் இழப்பார். விடுதி முதல் வருடத்துக்குக் கிடைக்குமா என்பதைப் பதிவு நாளிலேயே கேளுங்கள். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் தினப் பயணத்தை ஒரு தவணைக்குமேல் உடம்பு தாங்காது.

சுகாதாரப் பட்டம் கிடைத்தவர்கள் வகுப்பு தொடங்கும்வரை ஆங்கிலத்தில் உயிரியல் வாசியுங்கள். தமிழில் நன்றாகத் தெரிந்த இதயமும் சிறுநீரகமும் ஆங்கிலச் சொல்லில் வந்ததும் அந்நியமாகிவிடும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்றால் மூன்று மாதத்தில் தொள்ளாயிரம்.

படிவத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தை வருடம் முழுவதும் மாற்றாதீர்கள். வெற்றிடம் நிரப்பும் அறிவித்தல் வரும் நேரத்தில், சலுகைக்காக வாங்கிய புதுச் சிம் தொலைபேசியிலும் பழையது மேசை இலாச்சியிலும் கிடந்தால், உங்கள் இடத்துக்கு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள்.